தில்லி ஆசிரியையும் லான் பௌல்ஸ் தங்கமும்

2010ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகள் தில்லியில் நடந்தபோது, ஜவஹர்லால் நேரு விளையாட்டு வளாகத்தில் லான் பௌல்ஸ் ஆட்டத்துக்கென்றே தனிப் புல்தளம் அமைக்கப்பட்டது. வீரர்கள் பயிற்சி பெற ராமகிருஷ்ணபுரம் தில்லி பப்ளிக் பள்ளியிலும் ஒரு தளம் உருவானது. அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியைதான் பிங்கி சிங். கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்; பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளருக்கான பட்டயம் பெற்றவர். பொதுவாக ஆடி முடித்தவர்களே பயிற்சியாளர் ஆவார்கள். இவரோ பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்துகொண்டே, வேறொரு ஆட்டத்தைப் புதிதாகக் கற்று அதில் தங்கம் வென்றார்.

லான் பௌல்ஸ் பார்வைக்கு எளிய ஆட்டம். தளத்தின் மறுகோடியில் ‘ஜாக்’ என்னும் சிறிய பந்து இருக்கும். அதற்கு மிக அருகில் தன் பந்தை உருட்டி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றரை கிலோ வரை எடையுள்ள அந்தப் பந்து நேர்கோட்டில் ஓடாது. அதன் ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைவிடச் சற்றே மாறுபட்ட வடிவில் கடையப்பட்டிருக்கும். வேகம் குறையக் குறைய வளைவு கூடும். நிற்கப்போகும் நேரத்தில்தான் பந்து நன்றாகத் திரும்பும். ஆகவே ஜாக்கைக் குறிவைத்து வீசினால் பந்து அதைச் சேராது. பல அடி விலகிய ஒரு புள்ளியைப் பார்த்து, புல்லின் ஈரத்தையும் காற்றையும் கணக்கிட்டு உருட்ட வேண்டும். கைவலிமையைவிடக் கணிப்பும் பொறுமையும் பெரிதாக வேண்டியிருப்பதால்தான் முப்பது வயதில் தொடங்கியவரும் இதில் உச்சம் தொட முடிகிறது.

நால்வர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு பந்துகள். தலைவரான ‘ஸ்கிப்’ மறுகோடியில் நின்று வழி சொல்லிவிட்டு, கடைசியில் தன் பந்துகளை உருட்டுவார். எதிரணியின் மிக அருகிலுள்ள பந்தைவிட ஜாக்கை நெருங்கிய ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி.

சொந்த மண்ணில் நடந்த 2010 போட்டியில் இந்தியப் பெண்களின் மூவர் அணி நான்காம் இடத்தோடு நின்றது. அடுத்த இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் பதக்கம் கிடைக்கவில்லை. 2022 பர்மிங்காம் போட்டிக்குச் சென்ற பெண்கள் அணியின் நால்வரும் வேறு விளையாட்டுகளின் வழியே வந்தவர்கள். ஜார்க்கண்ட் காவல்துறையின் லவ்லி சௌபே ஓட்ட வீராங்கனை. அசாமின் நயன்மோனி சைகியா பளுதூக்கியவர். ஸ்கிப்பாக நின்ற ராஞ்சியின் ரூபா ராணி திர்கி கபடி ஆடியவர். பிங்கி இரண்டாவதாக உருட்டினார்.

ஆட்டங்கள் லெமிங்டன் ஸ்பா நகரின் விக்டோரியா பூங்காவில் நடந்தன. அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக 0–5 எனப் பின்தங்கிய பிறகும் இந்தியா 16–13 என மீண்டு வந்தது. ஆகஸ்ட் 2ஆம் தேதி இறுதி ஆட்டம், எதிரே தென்னாப்பிரிக்கா. 8–2 என முன்னேறியிருந்த இந்தியாவை அவர்கள் எட்டிப் பிடித்து, 10–8 எனத் தாண்டியும் போனார்கள். கையிலிருந்தது நழுவும் இப்படிப்பட்ட நேரத்தில் பதற்றம் விரல்நுனியில் தெரிந்துவிடும். வேகம் சற்றே கூடினாலும் பந்து ஜாக்கைக் கடந்துவிடும். நால்வரும் தடுமாறவில்லை. 10–10 எனச் சமன் செய்து, கடைசி மூன்று சுற்றுகளில் எதிரணிக்கு ஒரு புள்ளியும் கொடுக்காமல் ஏழு புள்ளிகள் சேர்த்தார்கள். 17–10. காமன்வெல்த் லான் பௌல்ஸில் இந்தியாவின் முதல் பதக்கமே தங்கமாக அமைந்தது. அதே போட்டியில் ஆண்கள் நால்வர் அணியும் வெள்ளி வென்றது.

நயன்மோனிக்கு 2022ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும், பிங்கிக்கு 2023ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அறிவிக்கப்பட்டன. 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கு இந்த ஆட்டம் உள்ளரங்கத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே காற்றும் மழையும் குறுக்கிடாது. ஆனால் உள்ளரங்க விரிப்பின் மேல் பந்து எவ்வளவு தூரம் ஓடும், எங்கே திரும்பும் என்பதைப் புல்தளத்தில் பழகியவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.