புயல் மாதத்துப் பெருவிழா

(புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தில் நிகழ்ந்த நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மறைந்த தாயின் நினைவாக அவருடைய மக்கள் அமைத்த அறக்கட்டளை இது. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் மன அமைதியைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அவையில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறீர்கள். நான் ஒரு கத்தோலிக்கன். என் நம்பிக்கைக்குள் நின்றுதான் என்னால் பேச முடியும். ஆனால் நான் எடுத்துச் சொல்லப்போகிற செய்திகளில் பெரும்பாலானவை இந்த மண்ணில் நடந்தவை. சிலவற்றை உங்களில் பலர் கண்ணாலேயே கண்டிருக்கிறீர்கள்.

வாழ்த்து அட்டையில் வரும் கிறிஸ்துமஸ் பனி பெய்கிற ஊருக்கு உரியது. வெளியே வெண்பனி, உள்ளே கணப்பு, மேசையைச் சுற்றிக் குடும்பம். நம் கடற்கரையிலோ இது மழையும் புயலும் வரும் காலம். புயல் கூண்டு எத்தனையாம் என்று கேட்டுக்கொண்டேதான் நாம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்து ஞாயிறுகளைக் கடக்கிறோம். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, அவ்வாண்டுத் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்து தீர்த்த மழையில் நகரம் மிதந்தது. அடுத்து தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. அதற்கு முன்னால் 2011இல், கிறிஸ்துமஸ் முடிந்த ஐந்தாம் நாள், டிசம்பர் 30 விடியற்காலையில், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் ஒரே காலைப்பொழுதில் சாய்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. குடிலுக்குப் போட்டிருந்த விளக்குச் சரம் எரியவில்லை. குடிலே இருந்ததா என்று கேட்க வேண்டிய வீடுகளும் இருந்தன.

அதற்கும் முன்னால் 2004 டிசம்பர் 26. அந்த நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அமைதி என்றால் கவலைகள் எல்லாம் ஓய்ந்த நிலை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். கடன் அடைந்த பிறகு, பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு, உடம்பு தேறிய பிறகு என்று அதை ஒத்திப்போடுகிறோம். இந்தக் கரையில் அப்படிப்பட்ட டிசம்பர் ஒன்று நமக்கு வாய்ப்பது அரிது. எனவே கிறிஸ்து பிறப்புச் செய்தி சொல்லும் அமைதி வேறு ஏதாவதாக இருந்தால்தான் அது தவளக்குப்பத்துக்குப் பயன்படும்.

அந்தச் செய்தியை அலங்காரத்தைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். குடிக்கணக்கு எடுக்க ஓர் அரசாணை. நிறைமாதக் கர்ப்பிணியை அழைத்துக்கொண்டு ஒரு தச்சர் வெளியூர் போகிறார். தங்க இடமில்லை, தீவனத் தொட்டியில் பிள்ளையைக் கிடத்துகிறார்கள். வானத்தில் அமைதிப் பாட்டு எழுகிறது. அதைக் கேட்டவர்கள் அரண்மனையில் உறங்கியவர்கள் அல்லர். வயல்வெளியில் இராக்காவல் காத்த இடையர்கள். கொஞ்ச காலத்தில் ஏரோது அரசனின் ஆட்கள் வாளோடு வருகிறார்கள். திருச்சபை இதை மறைக்கவில்லை. டிசம்பர் 26 கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சி ஸ்தேவானின் நாள். 28 பெத்லகேமில் வெட்டுண்ட மாசில்லாக் குழந்தைகளின் நாள். கேக் தீர்வதற்குள் இரண்டு கொலைகளை நினைக்கச் சொல்கிற நாள்காட்டி இது. குழந்தையின் முகத்தோடு இந்த முகங்களையும் சேர்த்துப் பார் என்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் நான் அதிகம் மதிப்பது இந்த நேர்மையைத்தான்.

இந்தக் கதையில் எனக்கு நெருக்கமானவர் சூசையப்பர். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. மரியாளின் நிலை தெரிந்து மனம் குமைகிறார், யாருக்கும் தெரியாமல் விலக்கிவிடலாம் என்று எண்ணியபடி படுக்கிறார், கனவு வருகிறது, எழுந்து, சொன்னபடி செய்கிறார். பிறகு இன்னொரு கனவு: எழுந்திரு, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடு என்று. அன்றிரவே புறப்படுகிறார். இந்த மனிதரைத்தான் வீரமாமுனிவர் தம் தேம்பாவணிக் காவியத்துக்கு நாயகராகத் தேர்ந்தார். மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற ஒருவர், வாளேந்திய வீரரை விட்டுவிட்டு, வாய் திறவாத ஒரு தச்சருக்குப் பெருங்காப்பியம் கட்டினார். எகிப்துக்குப் போன வழியையும் அங்கே வாழ்ந்த காலத்தையும் விரித்துப் பாடினார். அந்தத் தேம்பாவணி 1850களின் தொடக்கத்தில் அச்சேறியது நம் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் என்பது நமக்குப் பெருமை. சூசையப்பரிடம் நான் காணும் அமைதி தூங்குகிறவனின் அமைதி இல்லை. அவர் குழம்பினார், பயந்தார். ஆனால் கூப்பிட்ட நேரத்தில் எழுந்தார். கடவுள் தம்மோடு இருக்கிறார் என்ற ஒன்று உள்ளே உறுதிப்பட்டிருந்ததால், மற்றது எல்லாம் ஆடியபோதும் அவரால் நடக்க முடிந்தது.

இனி 2004. அவ்வாண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. கத்தோலிக்கக் கோயில்களில் அன்றைக்குரிய நற்செய்தி எது தெரியுமா? சூசையப்பர் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய பகுதி. மூன்றாண்டுச் சுற்றில் வரும் வாசகம். எவரும் அந்தக் காலைக்கென்று எடுத்து வைத்ததில்லை. அந்தக் காலையில்தான் இங்கிருந்து கிழக்கே இருக்கும் நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அங்கே வேலைபார்த்த நல்லவாட்டு இளைஞர், தொலைக்காட்சியில் கடல்கோள் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பேசினார். கடல் பொங்கி வருகிறது என்று வீட்டார் சொல்ல, உடனே ஊரைவிட்டு ஓடுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு ஊரில் ஓர் அறிவு மையம் இருந்தது. அலையின் உயரம், காற்றின் போக்கு இவற்றை மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்லும் இடம் அது. பூட்டை உடைத்து உள்ளே போய் அதே ஒலிபெருக்கியில் ஊரை எழுப்பினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள்.

நல்லவாட்டு மக்களை எந்தச் சமயக் கணக்கிலும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தத் துணிவு அவர்களுடையது. ஆனால் அன்றைய நற்செய்தியை வாசிக்கும்போதெல்லாம் அந்த ஒலிபெருக்கி என் நினைவில் எழுகிறது. தன் வீட்டுக்குக் கிடைத்த எச்சரிக்கையைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்ளாதவர்கள் அவர்கள். நான் தேடுகிற அமைதிக்கு அது உறவானது.

இங்கே ஒன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். அதே காலையில் புதுச்சேரி, காரைக்கால் கரைகளில் ஏறத்தாழ 600 பேர் மாண்டார்கள். வேளாங்கண்ணியில், கிறிஸ்துமஸுக்கு மாதாவைப் பார்க்க வந்திருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் கடற்கரையில் மடிந்தார்கள். கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்ததைச் சிலர் அற்புதம் என்று பேசினார்கள். பிழைத்தவர் நன்றி சொல்லட்டும். அது அவர் உரிமை. ஆனால் கரையில் மாண்டவர்களும் அதே மாதாவை நம்பி வந்தவர்கள்தாமே? அவர்களுடைய தாய் தகப்பனிடம் போய் இதையா சொல்வோம்? நம்புகிறவனுக்கு ஒன்றும் நேராது என்று கிறிஸ்தவம் எந்தக் காலத்திலும் வாக்களித்ததில்லை. அதன் நடுவிலேயே ஒரு சிலுவை நிற்கிறது. அது தரும் வாக்கு ஒன்றுதான்: நேரும்போது நீ தனியாக இருக்கமாட்டாய். இம்மானுவேல் என்று அந்தப் பிள்ளையை அழைப்பதன் பொருள் அவ்வளவே, அது எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

துக்கத்துக்கும் இந்தப் பெருவிழாக் காலத்துக்கும் உள்ள உறவுக்குப் புதுச்சேரியிலேயே பழைய சான்று ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்தவர் கனகராய முதலியார், கிறிஸ்தவர். செல்வம், அதிகாரம் இரண்டும் இருந்தன. 1739இல் அவருடைய மகன் இளம் வயதில் இறந்தான். அந்த மகனின் நினைவாகவே உழவர்கரையில் புனித அந்திரேயா கோயிலைக் கட்டினார். 1745 நவம்பர் 30, அந்திரேயா திருநாளில், அங்கே பெருவிழா எடுத்தார். பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டி, கைக்கோளர், ஐரோப்பியர் என்று எல்லாரையும் அழைத்து விருந்து படைத்தார்; ஆளுநர் துய்ப்ளேக்சும் வந்தார். இவ்வளவும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. பிள்ளை முதலியாருக்கு நண்பரும் அல்லர், அவர் சமயத்தாரும் அல்லர். விருந்தில் குறையும் கண்டவர். அதனால்தான் அவர் சாட்சியத்துக்கு மதிப்பு. அடுத்த பிப்ரவரியில் முதலியார் காலமானார்.

மகனை இழந்த தகப்பன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவரோ ஊரையே கூப்பிட்டார். துக்கம் தீர்ந்துபோயிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆறு ஆண்டில் தீருகிற துக்கம் இல்லை அது. அதைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். இன்றைய அறக்கட்டளையை நிறுவிய பிள்ளைகளுக்கு இது விளங்கும்.

ஆனால் அதே நாட்குறிப்பின் முந்தைய மாதத்தையும் படிக்க வேண்டும். 1745 அக்டோபரில் பிள்ளை புதுச்சேரியின் சம்பா கோயிலுக்குள் இருந்த ஒரு சுவரைப் பற்றி எழுதுகிறார். ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களை மற்றக் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரித்து நிறுத்துவதற்காகக் கோயிலுக்குள்ளேயே எழுப்பிய சுவர். நாங்களும் உங்கள் பிள்ளைகள் இல்லையா என்ற கேள்வியோடு அவர்கள் பெரிய சாமியாரிடம் முறையிட்டார்கள். அவர் சுவரை இடிக்கச் செய்தார். மேல்சாதியார் கொதித்தார்கள். அடுத்த மாதம் நடந்த உழவர்கரை விருந்திலும் சமையலும் பந்தியும் சாதிவாரியாகத்தான். முதலியாரின் துக்கம் கதவைத் திறந்தது, முழுவதும் திறக்கவில்லை. இன்றும் தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கும் பங்குகள் உண்டு. அந்தப் பங்குகளில் நள்ளிரவுப் பூசையில் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அமைதி இறங்கும் என்று நான் நம்பவில்லை. தன் சகோதரனைச் சுவருக்கு அப்பால் நிறுத்திவிட்டு எனக்கு மட்டும் உள்ளம் குளிர வேண்டும் என்று கேட்பதற்குப் பெயர் வேண்டுதல் இல்லை.

அமைதிக்கு ஒரு தனிமனித வேலையும் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவருகைக்காலத்தை ஏற்படுத்தியதே அதற்காக. வாரம் ஒரு மெழுகுதிரியாக வளையத்தில் ஏற்றுகிறோம். அந்த நான்கு வாரத்தில் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனத்துக்குப் போகச் சொல்வார்கள் நம் பெரியவர்கள். இப்போது கூட்டம் துணிக்கடையில்தான். நான் தேடிய அமைதியில் பாதிக்கு மேல் எனக்குக் கிடைத்தது அந்த முழங்காலில்தான். செய்தது இன்னது என்று வாய்விட்டுச் சொல்வதும், மன்னித்தேன் என்று இன்னொரு குரல் சொல்லக் கேட்பதும் மனிதருக்குத் தேவை. அங்கிருந்து எழுந்து போய், பேச்சு நின்றுபோன உறவினர் வீட்டுக் கதவைத் தட்டுவது அதன் மறுபாதி. அதைச் செய்யாத ஆண்டுகளில் குடில் அழகாக இருந்தது, மனம் இல்லை.

மனநோயாக முற்றிவிட்ட துயரத்தை இதனோடு சேர்க்காதீர்கள். தூக்கம் போய், உணவு போய், உயிரே பாரமாகிவிட்டவரிடம் ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாகும் என்று மட்டும் சொல்லி அனுப்புவது கொடுமை. அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஜிப்மர் மருத்துவமனை புதுச்சேரியிலேயே இருக்கிறது. கூடவே ஜெபமும் பண்ணுங்கள். ஒன்று மற்றொன்றுக்குப் பகை இல்லை.

நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் அவ்வாண்டு பண்டிகை கிடையாது. இந்து வீட்டில் தீபாவளிக்குச் சட்டி வைக்கமாட்டார்கள்; கிறிஸ்தவ வீடு பலவற்றில் கூரையில் விண்மீன் கட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும். துக்கத்துக்கு ஓர் ஆண்டு இடம் கொடுக்கிறது, அடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு கடமையும் கொடுக்கிறது. ஆனால் அண்மைக் காலமாகக் கடமை நழுவி வருகிறது. அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற பெயரில் நாமே அந்தத் தெருப்பக்கம் போவதில்லை. கீத பவனிக்காரர்களும் இருட்டாக இருக்கும் வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இடையர்களுக்கு முதலில் சொல்லப்பட்ட செய்தி இன்று முதலில் போய்ச் சேர வேண்டிய வாசல் அது.

ஆகவே உங்களிடம், எந்தச் சமயத்தாராக இருந்தாலும், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த டிசம்பரில் உங்கள் தெருவில் விண்மீன் கட்டாத வீடு எது என்று பாருங்கள். 24ஆம் தேதி மாலை, பூசைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.