பந்துக்குப் பின்னால் நின்ற ஆசிரியர்
(சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்த மேடையிலே நாயன்மாரைப் பற்றியும் நாவலர் பெருமானைப் பற்றியும் நல்ல பேச்சுக்கள் பல நிகழ்ந்திருக்கின்றன. இன்றைய விஷயம் உதைபந்தாட்டம் என்று தலைவர் அறிவித்தபோது, முன்வரிசையிலே சில பெரியவர்கள் புன்னகை செய்ததை நாங்கள் கவனியாமல் இல்லை. படிக்கிற பிள்ளைகளுக்கு இது என்ன வேலை என்பது அந்தப் புன்னகையின் பொருளாக இருக்கலாம். மிஷன் பாடசாலையிலே படித்து வந்தவர்கள் நாங்கள். வகுப்பு முடிந்தால் மைதானம் என்பது அங்கே எழுதாத சட்டம். ஆகவே எங்கள் பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்தால் பொறுத்தருள வேண்டும். ஆனால் பந்தை உதைத்தவர்களைப் பற்றிப் பேச நாங்கள் வரவில்லை. உதைக்கக் கற்பித்த ஓர் ஆசிரியரைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

மேல்நாட்டிலே உதைபந்தாட்ட முகாமையாளர் என்பது ஒரு பெருந்தொழில். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை ஆடவிடுவது, யாரை வெளியே இருத்துவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. வென்றால் மாலை, நாலு ஆட்டம் தோற்றால் வாசலைக் காட்டுவார்கள். மஞ்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தை அலெக்ஸ் பேர்கசன் என்பவர் 1986 முதல் 2013 வரை நடத்தினார். அவர் வந்து முதற் கிண்ணத்தை வெல்ல 1990ஆம் ஆண்டு ஆயிற்று. அவ்வளவு காலம் பொறுத்திருந்த கழகத்தாரையும் மெச்சத்தான் வேண்டும். இவையெல்லாம் பணம் புழங்குகிற இடத்துக் கதைகள். நாங்கள் சொல்லப் போகிறவர் பாடசாலைச் சம்பளத்தில் வாழ்ந்தவர். ஐதராபாத்து சையத் அப்துல் ரஹீம் என்பது அவர் பெயர். ரஹீம் சாகிப் என்றே விளையாட்டு வீரர்கள் அழைத்தார்கள்.

1909ஆம் ஆண்டு பிறந்த ரஹீம் தொழிலால் ஆசிரியர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், பின்பு உடற்பயிற்சிக் கல்வியும் கற்றார். 1943இல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியை அவர் பயிற்றுவித்த காலத்தில், பம்பாயிலே நடந்த ரோவர்ஸ் கிண்ணத்தை அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருடம் தொடர்ந்து வென்றது. உதைபந்தாட்டம் என்றால் கல்கத்தா என்று இருந்த காலம் அது. கல்கத்தாக் கழகங்களின் பெயருக்கும் பணத்துக்கும் முன்னே, தெற்கிலிருந்து வந்த பொலிஸ்காரர் அணி ஒன்று ஐந்து முறை நின்று காட்டியது சிறிய காரியமன்று.

எப்படிச் செய்தார் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. அவர் சிறுவர்களுக்கு வினோதமான போட்டிகள் வைத்தார். ஒரு போட்டியிலே பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு ஆளை ஏய்த்து ஓடக்கூடாது. வந்த பந்தைத் தோழனுக்கு உடனே கொடுத்துவிட வேண்டும். இன்னொரு போட்டியிலே பழக்கமில்லாத காலினால் மட்டுமே உதைக்க வேண்டும். வலக்காற்காரன் இடக்காலால், இடக்காற்காரன் வலக்காலால். பார்ப்பவர்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்திருக்கும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஒரு பையன் ஒரு பருவம் முழுவதும் இடக்காலால் மாத்திரம் ஆடினால், அடுத்த பருவத்தில் அவனை எந்தப் பக்கத்தால் மறிப்பது? கணக்கிலே பிழைவிடுகிற பிள்ளைக்கு அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பக் கொடுக்கிற வாத்தியாரின் உபாயம் இது. இதற்குக் காசு வேண்டியதில்லை. பந்து ஒன்றும் புத்தியும் போதும்.

துளசிதாஸ் பலராம் என்றொரு வீரர். செக்கந்தராபாத்துப் பக்கத்திலே ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தூரத்து மைதானத்துக்குப் பயிற்சிக்கு வர வசதியில்லை என்று அவர் தயங்கியபோது, வாடகைச் சைக்கிளுக்கு ரஹீமே காசு கொடுத்தார் என்பதைப் பலராம் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்தப் பையன்தான் பின்னர் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினான். பயிற்றுநரின் தொழில் மைதானத்துக்குள்ளே தொடங்குவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ரஹீம் 1950இல் இந்திய அணியின் பயிற்றுநரானார். 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் கிடைத்தது. மறுவருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக். அங்கே யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். பத்துக்கு ஒன்று! குளிர் நாட்டிலே இந்திய வீரர் பலர் சப்பாத்து இல்லாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பின்னரே இந்தியச் சம்மேளனம் சப்பாத்தைக் கட்டாயமாக்கியது. எங்கள் ஊர் மைதானங்களில் வெறுங்கால் ஆட்டத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைப்பது நல்லது.

தோற்ற பயிற்றுநர் என்ன செய்வார்? நடுவரைத் திட்டலாம், குளிரைக் குறை சொல்லலாம். ரஹீம் அந்த ஒலிம்பிக்கை வென்ற ஹங்கேரி அணியின் ஆட்டத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டார். அவர்களுடைய நடு முன்வரிசை வீரர் கோலுக்கு அருகே காத்து நிற்காமல் பின்னே இறங்கி ஆடுவார். அவரை மறிக்க நின்றவர் அவரைத் தொடர்ந்து போவதா, நின்ற இடத்திலே நிற்பதா என்று தடுமாறும் வேளையில் மற்றவர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள். இந்த முறையை ரஹீம் தம் வீரர்களுக்குப் பழக்கினார். நான்கு வருடம் கழித்து, 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றார்கள். நெவில் டி சூசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஓர் ஆசியர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதல் தடவை. அரையிறுதியிலே அதே யூகோஸ்லாவியா. முதற் கோலை இந்தியாவே போட்டது. முடிவில் 4-1 என்று தோல்வி. பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம். பத்துக்கு ஒன்று நாலுக்கு ஒன்றாயிற்று என்று கேலி செய்யலாம். ஆனால் ஒலிம்பிக் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு அது.

1958இல் தோக்கியோவிலே பதக்கம் இல்லை. 1960இல் ரோமாபுரியிலே பிரான்சோடு 1-1 என்று சமநிலை, ஹங்கேரியிடம் 2-1 என்று மட்டுமே தோல்வி. இவற்றை விட்டு 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவுக்கு வருவோம்.

அந்த வேளையில் ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. போட்டி தொடங்கியதும் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பின் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றார்கள். ஆனால் பின்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையிலே காயம்பட்டுத் தையல் போட்டார்கள். கோல் காப்பாளர் பீற்றர் தங்கராஜ் காய்ச்சலாற் படுத்தார். இந்தத் தங்கராஜ் சென்னைப் படைப்பிரிவிலே சேவை செய்தவர். முதலில் முன்வரிசையில் ஆடிப் பின்பு கோல் காப்பாளரானவர். காயம்பட்டவரைச் சும்மா இருத்துவதா? ஜர்னைல் முன்பு முன்வரிசையில் ஆடிப் பழகியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். காப்பு வீரரைக் கொண்டுபோய் முன்வரிசையில் நிறுத்தினார். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதி 3-2 என்று வெற்றியாயிற்று; அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது.

இறுதி ஆட்டம் செப்டெம்பர் 4ஆம் திகதி, மறுபடியும் தென்கொரியாவோடு. வெளியே நிலைமை மோசம். இஸ்ரேலையும் தாய்வானையும் விழாவுக்கு வரவிடாத இந்தோனேசியாவின் செயலை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தார். அதனால் ஊர் கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நிறைந்த மைதானம் முழுவதும் கொரியாவின் பக்கம் நின்று கூச்சலிட்டது. காய்ச்சலில் இருந்து எழுந்த தங்கராஜை ரஹீம் கோலிலே நிறுத்தினார். உயர்ந்து வரும் பந்துகளைப் பிடிக்க அந்த உயரம் வேண்டும் என்பது அவர் கணக்கு. முதற் பாதியிலேயே பி. கே. பானர்ஜி ஒரு கோல், தலையிலே கட்டோடு ஜர்னைல் ஒரு கோல். கொரியா ஒன்றைத் திருப்பியது. 2-1; தங்கம். சுனி கோஸ்வாமி தலைமையில் ஆடிய அந்த அணியிலே இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர் எல்லாரும் இருந்தார்கள்.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11ஆம் திகதி, ரஹீம் காலமானார். வயது ஐம்பத்து மூன்று. 1964இல் ஆசியக் கிண்ணத்தில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970இல் பாங்கொக்கிலே வெண்கலம். அதன் பிறகு ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய ஆடவர் அணிக்கு உதைபந்தாட்டப் பதக்கம் கிடைக்கவில்லை. வீரர்கள் இல்லாமற் போனார்களா? இல்லை, அந்த நாட்டிலே கோடிக்கணக்கான கால்கள் உண்டு. ஓர் ஆசிரியர் தம் தலைக்குள்ளே வைத்திருந்த வித்தையை ஊர் ஊராகப் பரப்ப ஏற்பாடு இருக்கவில்லை. அறுபது வருடம் கழித்து, 2024இல், ‘மைதான்’ என்ற ஹிந்திப் படம் வந்தபோதுதான் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

இனி நமது வன்னிக்கு வருவோம். காலபோகம் வெட்டி முடிந்த வயலிலே மாலைவேளையில் எத்தனை பந்து உருளுகிறது என்று பாருங்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் கழகம் இல்லாத கிராமம் அரிது. பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். யுத்தம் முடிந்து மீளக் குடியேறிய ஊர்களிலே, வீட்டுக்குக் கூரை வருமுன்னே கோல் கம்பம் நட்டவர்கள் உண்டு. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற உறவினர்கள் காசு அனுப்புகிறார்கள். பந்தல், ஒலிபெருக்கி, ஆளுயரக் கிண்ணம் எல்லாம் வருகின்றன. மூன்று நாள் திருவிழா. நாலாம் நாள் அந்தப் பையன்களுக்கு இடக்காலால் உதைக்கச் சொல்லிக் கொடுக்க ஒருவரும் இல்லை. பதினெட்டு வயதில் ஆட்டத்தை விட்டு வெளிநாட்டுக்கு வழி தேடுகிறான். அல்லது முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். அவனைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

பயிற்றுநர் என்பது படித்துப் பெறுகிற தகுதி. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு டி, சி, பி, ஏ என்று படிப்படியாகச் சான்றிதழ் வகுத்திருக்கிறது. பல்கலைக்கழகத்திலே படிக்கிற எங்களில் ஒருவர் அந்தப் படிப்புக்குப் போகிறேன் என்றால், “டிகிரி எடுத்துப் போட்டுப் பந்து பொறுக்கப் போறியோ?” என்று வீட்டிலே கேட்பார்கள். கேட்ட வீடும் எங்களுக்குத் தெரியும்.

ஆகையால் செயற்குழுவின் முன்னே ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். அடுத்த வருடப் போட்டியின் கிண்ணத்தை ஒரு முழம் குறைத்து, அந்தக் காசிலே இரண்டு வாலிபர்களை, முடிந்தால் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், முதற்படிச் சான்றிதழுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் திரும்பி வந்து, கிழமையில் இரண்டு மாலை, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதுவரை நாங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. வருகிற தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, பழக்கமில்லாத காலினால் மட்டும் ஆடும் சிறுவர் போட்டி ஒன்றை நடத்த எண்ணியிருக்கிறோம். மைதானமும் இரண்டு பந்துகளும் உண்டு. மத்தியஸ்தம் வகிக்கப் பெரியவர்களில் ஒருவர் முன்வந்தால் மகிழ்வோம்.