வீட்டு நாயின் அச்சமும் நோயும்



சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் சுபவேளையில் கொழும்பு மாநகர் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். கிருலப்பனையில் ஹைலெவல் வீதியை ஒட்டிய ஒழுங்கைகளிலும், வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் முற்றங்களிலும், கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தெருக்களிலும் சீன வெடிகள் ஒரே வேளையில் முழங்குகின்றன. பிள்ளைகள் கைகொட்டி மகிழ்கின்றனர். அதே வேளையில் கட்டிலின் கீழோ, குளியலறையின் மூலையிலோ, நாம் அன்புடன் வளர்க்கும் நாய் உடல் நடுங்க, வாய்நீர் ஒழுக, ஒடுங்கிக் கிடக்கின்றது. கதவு திறந்திருக்குமாயின் கண் தெரியாத வேகத்தில் வீதியை நோக்கிப் பாய்கின்றது. அப்படிப் பாய்ந்த நாய் வாகனத்தில் அடிபடலாம், வழி தவறலாம், தடுக்க வந்தவரைக் கடித்தும் விடலாம்.

இந்த அச்சம் ஏன் வருகின்றது, அதனைத் தணிப்பது எவ்வாறு, அச்சம்போல் தோன்றும் நோயைப் பிரித்தறிவது எவ்வாறு என்பனவே இன்றைய பேச்சின் பொருள். அவற்றுக்கெல்லாம் அடிப்படையான உண்மை ஒன்றுண்டு. அஞ்சுகின்ற நாய் கீழ்ப்படியாத நாயன்று. அது துன்புறுகின்ற நாய். இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் செய்யத்தக்கதும் தகாததும் தாமே விளங்கும்.

முதலில் நாயின் செவியைக் கருதுவோம். மனிதர் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 அதிர்வுகள் வரை கேட்கவல்லது. நமக்குக் கேளாத மெல்லொலிகளும் அதற்குக் கேட்கும். இத்தகைய நுண்ணிய செவியின் அருகே வெடி வெடித்தால் எப்படியிருக்கும்? அன்றியும், அந்த ஒலி எதற்காக எழுந்தது, எப்போது ஓயும் என்பதை நாம் அறிவோம்; நாய் அறியாது. காரணம் தெரியாத பேரொலியைவிட அச்சம் தருவது வேறென்ன?

கொழும்பிலே இந்த அச்சத்திற்குப் பருவங்கள் உண்டு. பங்குனி, சித்திரை மாதங்களிலும், மீண்டும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும், பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், பிற்பகல் வேளைகளில் இடியும் மின்னலுமாக மழை கொட்டுவது இவ்வூரின் இயல்பு. புத்தாண்டு வெடிகள் முதற் பருவத்திலும், தீபாவளி வெடிகள் இரண்டாம் பருவத்திலும் வந்து சேர்கின்றன. வானம் இடிக்க, தெருவும் இடிக்கின்றது. ஓர் இடிக்கு அஞ்சிய நாய் அது தெளியுமுன் மற்றொன்றுக்கு அஞ்சுகின்றது. ஆதலால், சென்ற ஆண்டு சிறிதே நடுங்கிய நாய் இவ்வாண்டு கருமேகத்தைக் கண்டவுடனேயே நடுங்கத் தொடங்குவதுண்டு. அச்சம் தானே தேயுமென்று காத்திருத்தல் பிழை. பெரும்பாலும் அது வளரும்.

அச்சம் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிகின்றது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று கூறுவேன். 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி இவான் பவ்லோவ், நாய்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளாற் புகழ்பெற்றவர். 1924 செப்டெம்பரில் லெனின்கிராட் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அவருடைய ஆய்வுகூடத்து நாய்க்கூடுகளுள்ளும் நீர் புகுந்தது. நாய்கள் நீந்தியே கரை சேர்க்கப்பட்டன. உயிர் பிழைத்தபோதிலும், அவற்றுட் சில முன்பு நெடுநாள் முயன்று பழகியிருந்தவற்றை எல்லாம் இழந்திருந்தன. பின்னர் அவை மெல்லத் தேறின. அவற்றுள் ஒரு நாய் முற்றும் தேறிவிட்டதெனத் தோன்றிய காலத்தில், கதவின் கீழாகச் சிறிதளவு நீரை ஓடவிட்டார்கள். அந்த மெல்லிய நீரோட்டத்தைக் கண்டதும் நாய் மீண்டும் கலங்கியது. தேறியவை யாவும் மறைந்தன.

இது தொலைதேசத்துச் செய்தி என்று தள்ளிவிடத் தக்கதன்று. கால்வாய்க் கரையில் வாழும் கிருலப்பனை மக்களுக்கு அடைமழைக் காலத்தின் கவலை புதிதன்று. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகள் நீரில் மூழ்கியதை நாம் கண்டோம். அத்தகைய வெள்ளத்தை ஒருமுறை கண்ட நாய், கூரையில் மழைத்துளி விழுந்ததும் எழுந்து உலாவினால், அதனைக் கிறுக்கு என்று சொல்லலாமா? அது நினைவின் வேலை.

இனி, மக்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் பிழைகள் சிலவற்றைப் பார்ப்போம். அச்சத்தாற் குரைக்கும் நாயை அடித்தல் முதற் பிழை. ஒலியோடு அடியும் சேர்ந்தால் அச்சம் இரட்டிக்குமேயன்றிக் குறையாது. பழகட்டும் என்று வெடி வெடிக்கும் இடத்திற்கே இழுத்துச் செல்லுதல் இரண்டாவது. சங்கிலியாற் கட்டி வளவில் விடுதல் மூன்றாவது. தப்பியோட இயலாத நாய் மதிலேறிக் குதிக்க முயன்று சங்கிலியிலேயே தொங்கிவிடக்கூடும். நான்காவது ஒரு தவறான நம்பிக்கை. அஞ்சும் நாயைத் தடவி ஆறுதல் கூறினால் அச்சம் அதிகரிக்கும் என்று சிலர் கருதுகின்றனர். அச்சம் என்பது நாய் வேண்டுமென்று செய்யும் செயலன்று. அஃது ஓர் உணர்ச்சி. அன்பால் அது வளர்வதில்லை. உங்கள் அருகில் வந்து ஒண்டிக்கொள்ளும் நாயை விரட்டாதீர்கள்.

இவ்விடத்தில் நோயைப் பற்றிக் கூறவேண்டியிருக்கின்றது. எறிந்த வேல் உடலிலே நிற்கவும் நாய் தன் தலைவனைக் கண்டு வால் குழைக்கும் என்று நாலடியார் அதன் நன்றியைப் போற்றுகின்றது. நாய் வளர்ப்போர் இதிலிருந்து வேறொன்றையும் அறியலாம். நாய் தன் நோவை வெளிக்காட்டாது. வால் ஆடுகின்றது என்பதனால் உடல் நலமாக இருக்கின்றதென்று எண்ணிவிடலாகாது. இங்கிலாந்திலும் பிரேசிலிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, ஒலிக்கு அஞ்சும் நாய்களுட் சிலவற்றிற்கு மூட்டிலோ தசையிலோ மறைந்த நோவு இருந்ததை எடுத்துக்காட்டியது. திடுக்கிடும்போது உடல் இறுக, நோவும் மிகுகின்றது. நாயின் மனம் அந்த ஒலியையே நோவுக்குக் காரணமெனப் பற்றிக்கொள்கின்றது. இத்தகைய நாய்களில் அச்சம் சராசரியாக நான்கு ஆண்டுகள் பிந்தியே தோன்றியிருந்தது. நோவுக்கு மருத்துவம் செய்தபின் அவை நன்கு தேறின. ஆகவே, பல ஆண்டுகளாக வெடிக்கு அஞ்சாத நாய் முதுமையை நெருங்கும் வேளையில் திடீரென அஞ்சத் தொடங்குமாயின், முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

சோர்ந்து ஒதுங்கிக் கிடக்கும் நாயை எல்லாம் பயந்த நாய் என்றும் முடிவு செய்யலாகாது. நம் வெப்பமும் ஈரமும் உண்ணிகளுக்கு ஏற்றவை. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் உணவை வெறுக்கும், முரசு வெளுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகலாம். காதின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் நாள்தோறும் பார்த்து உண்ணிகளை நீக்குங்கள்.

எல்லாவற்றினும் கொடியது விசர்நாய் நோய். இந்நாட்டில் அதற்கெதிரான கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. இந்நோய் கண்ட நாயும் இருளில் ஒளியும், வாய்நீர் வடிக்கும், காரணமின்றிக் கடிக்கும். வேறுபாடு இதுதான். வெடிக்கு அஞ்சிய நாய் ஓசை ஓய்ந்தபின் மெல்லத் தெளிந்து வந்து நீர் குடிக்கும். விசர் கண்ட நாய் தெளியாது. குரல் மாறி, விழுங்க இயலாமற்போய், சில நாட்களுள் இறந்துவிடும். ஐயம் தோன்றினால் அந்த நாயின் வாயில் கை வைக்காதீர்கள். கடியோ கீறலோ பட்டால் அந்தப் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நோய் வெளிப்பட்டபின் காப்பாற்றுதல் அரிதினும் அரிது. ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி இடுவித்தால் இந்த ஐயமே பெரும்பாலும் நீங்கும்.

இனி, அச்சத்தைத் தணிக்கும் வழியைக் கூறுவேன். தென்னாபிரிக்க மருத்துவர் யோசப் வோல்ப்பே பூனைகளிடத்தே ஆராய்ந்து, மனிதரின் அச்சத்திற்கும் பயன்படுமாறு 1958இல் நூலாக வெளியிட்ட முறை இது. அச்சந்தரும் பொருளை மிகச் சிறிய அளவில், இன்பந்தரும் ஒன்றோடு சேர்த்துக் கொடுத்து, படிப்படியாக உயர்த்துவதே அதன் சாரம். வெடியோசையையோ இடியோசையையோ கைத்தொலைபேசியிற் பதிந்துகொள்ளுங்கள். நாய் செவியை மட்டும் அசைத்துவிட்டுத் தொடர்ந்து உண்ணக்கூடிய அளவுக்கு மெல்லிதாக அதனை ஒலிக்கவிட்டு, அவித்த கோழியிறைச்சித் துண்டுகளைக் கொடுங்கள். நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். சில நாட்கள் சென்றபின் ஓசையைச் சிறிது கூட்டுங்கள். நாய் உண்பதை நிறுத்தினால் நீங்கள் விரைந்துவிட்டீர்கள் என்பது பொருள். முந்திய படிக்குத் திரும்புங்கள். இதனைத் தொடங்கவேண்டியது புத்தாண்டுக்கு முதல் வாரத்திலன்று. தைப்பொங்கல் கழிந்த வாரங்களும், ஆடி, ஆவணி மாதங்களுமே இதற்கேற்ற அமைதிக் காலங்கள்.

கொண்டாட்ட நாளிற் செய்யவேண்டியவை சில. காலையிலேயே நாயை உலாவ அழைத்துச் சென்று, வேளையோடு உணவு கொடுத்துவிடுங்கள். வீட்டின் நடுவேயுள்ள அறையொன்றில் அதன் பழைய விரிப்பையும் நீரையும் வையுங்கள். சன்னல்களை மூடித் திரையிட்டு, மின்விசிறியைச் சுழலவிடுங்கள். வானொலியையும் சற்று உரக்க வைக்கலாம். நாய் தானே தேர்ந்துகொண்ட ஒளிவிடம் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். வெளிக்கதவைத் தாழிடுங்கள். கழுத்துப் பட்டியில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். வீட்டில் ஒருவர் அதன் அருகில் இருப்பாராயின் மிக நன்று.

இவ்வளவும் செய்தும் அச்சம் மிகுந்திருந்தால் மிருக வைத்தியரை முன்கூட்டியே நாடுங்கள். இன்று இதற்குரிய நல்ல மருந்துகள் உள்ளன. ஆனால், உடலை அசையாமற் செய்து, உள்ளத்து அச்சத்தை அப்படியே விட்டுவிடும் மயக்க மருந்துகளும் உண்டு. ஆதலால் எந்த மருந்தையும் வைத்தியர் சொல்லாமற் கொடுக்கலாகாது. வீட்டிலுள்ள பனடோல் வில்லை நாய்க்கு நஞ்சாகக்கூடும். விருந்து நாளில் இரக்கத்தோடு கொடுக்கும் உணவிலும் கவனம் தேவை. முந்திரிகை வற்றல் சேர்ந்த பொங்கல் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், வெங்காயம் குருதியைக் கெடுக்கும், சொக்கலேற்றும் ஆகாது.

நேயர்களே, வெடி கொளுத்தும் அயலவரிடம் நேரத்தை முன்னரே கேட்டறிந்துகொள்வதும், நாயுள்ள வீட்டு மதிலருகே கொளுத்தாதிருப்பதும் சிறிய உதவிகள்தாம். ஆனால் வாய் திறந்து முறையிட இயலாத ஓர் உயிருக்கு அவை பேருதவிகள். இரவெல்லாம் நம் வாயிலைக் காக்கும் நாய்க்கு, ஆண்டில் சில நாட்கள் நாம் காவலிருத்தல் முறையன்றோ?