இந்தத் தீபாவளியில் உங்களையும் மன்னியுங்கள்



தீபாவளி நெருங்கிவிட்டது. சிராங்கூன் சாலையில் விளக்குகள் எரிகின்றன. தேக்காவில் கூட்டம் நிறைந்திருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். எல்லாரிடமும் அன்பு காட்டும் நாம், ஒருவரிடம் மட்டும் கடுமையாக இருக்கிறோம். அந்த ஒருவர் நாமேதான். இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் முறுக்கிலிருந்து தொடங்குவோம். "எத்தனையோ வருஷம் என் கையாலேயே சுட்டேன். இப்ப கடையில வாங்குற மாதிரி ஆயிடுச்சே" என்று வருந்துபவர்கள் நம்மில் பலர். முழங்கால் வலிப்பது உங்கள் குற்றமா? அந்த வருத்தத்தில் சிலர் வலியைப் பொறுத்துக்கொண்டு அடுப்பு முன்னால் மணிக்கணக்காக நிற்கிறார்கள். சிலர் மின்விசிறியைத் துடைக்க நாற்காலி மேல் ஏறுகிறார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பண்டிகை மருத்துவமனையில்தான். விரலுக்கேற்ற வீக்கம் போதும். நீங்கள் உட்கார்ந்து மாவின் பதம் பாருங்கள். பேத்தி அச்சைப் பிழியட்டும். கடை முறுக்கானாலும் பரவாயில்லை. வருகிறவர்கள் உங்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

அடுத்தது இனிப்பு. நீரிழிவு உள்ள ஒருவர் ஆசைப்பட்டு இரண்டு லட்டு சாப்பிட்டுவிடுகிறார். உடனே, "எனக்குக் கட்டுப்பாடே இல்லை, எல்லாம் போச்சு" என்று தன்னைத் திட்டிக்கொள்கிறார். எல்லாம்தான் போய்விட்டதே என்று மேலும் சாப்பிடுகிறார். எண்ணைப் பார்க்கப் பயந்து சர்க்கரை அளவைச் சோதிப்பதில்லை. தாதி கேட்பாரே என்று பலதுறை மருந்தகத்துக்கும் போவதில்லை. இரண்டு லட்டைவிட இந்தக் குற்ற உணர்ச்சி அதிகக் கேடு செய்துவிடுகிறது.

அப்படி நடந்தால், அடுத்த வேளையிலிருந்து வழக்கமான உணவுக்குத் திரும்புங்கள். மருந்தை மருத்துவர் சொன்ன அளவிலேயே சாப்பிடுங்கள். ஈடுகட்டுவதற்காக நீங்களாகவே மாத்திரையைக் கூட்டவோ ஒரு வேளை உணவை விட்டுவிடவோ வேண்டாம். மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஒரு நாள் தவறியது ஒரு நாளோடு போகட்டும்.

மூன்றாவதுதான் பெரிய பாரம். முன்னோர் படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைக்கும்போது, பழைய நினைவுகள் எழும். 2020இல் கொவிட் காலத்தில் எல்லைகள் மூடியிருந்ததால், ஊரில் இறந்த தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கோபத்தில் மகனைச் சொல்லக்கூடாத சொல்லால் சொன்னவர்கள் இருக்கிறார்கள். உடன்பிறந்தவரோடு பல ஆண்டுகளாகப் பேசாதவர்களும் இருக்கிறார்கள்.

இவற்றை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். உங்கள் கையில் இல்லாமல் நடந்தது ஒரு வகை. அதற்கு மன்னிப்பே தேவையில்லை. அது குற்றமல்ல, துக்கம். துக்கத்துக்கு அழலாம், அம்மாவைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் பேசலாம்.

உங்களால் நடந்தது இன்னொரு வகை. தன்னை மன்னிப்பது என்றால், செய்த தவறைச் சரி என்று சொல்வதல்ல. "ஆமாம், நான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டு, முடிந்ததைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு தண்டனையை நிறுத்துவது. அந்த மனிதர் உயிரோடு இருந்தால் தீபாவளி வாழ்த்து சொல்லத் தொலைபேசியை எடுங்கள். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்ற ஒரு வரி போதும். அவர் உடனே சமாதானமாகாமல் போகலாம். உங்கள் பங்கைச் செய்துவிட்டீர்கள். அவர் இல்லையென்றால், சொல்ல நினைத்ததை ஒரு தாளில் எழுதுங்கள், அல்லது படத்தின் முன் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மனம் மீண்டும் திட்டத் தொடங்கினால், இதைச் செய்து பாருங்கள். உங்கள் தங்கை இதே கதையைச் சொல்லி உங்கள் முன் அழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் என்ன சொல்வீர்கள்? "போதும்மா, எத்தனை வருஷம் உன்னையே வதைச்சுக்குவே?" என்றுதானே? அதையே, அதே குரலில், உங்களுக்கும் சொல்லுங்கள்.

சில பாரங்களைத் தனியாக இறக்க முடியாது. இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் மனம் சோர்ந்திருந்தாலும், தூக்கமோ பசியோ குறைந்தாலும், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனாலும் பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ சொல்லுங்கள். மனநல உதவிக்கு 1771 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் 1767ஐ அழையுங்கள். அந்த எண்ணிலும் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். உதவி கேட்பதில் வெட்கம் இல்லை.

தீபாவளி காலையில் பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வைத்து, "நல்லா இரு" என்று வாழ்த்துவீர்கள். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் எண்ணெயை உங்கள் தலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாழ்த்து உங்களுக்கும் உரியது.

அனைவருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்.