தீவு நாடிச் சென்ற அடியார்கள்



டாலிகஞ்சிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் குடியேறிய தமிழர், வேற்று மொழியினரிடையே வாழ்வதன் அருமையை நன்கு அறிவர். பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் முற்காலக் கிறிஸ்தவ அடியார்களும் அதனை அறிந்தவர்களே.

ஐந்தாம் நூற்றாண்டினரான பாட்ரிக், பிரிட்டனிற் பிறந்தவர். பதினாறு வயதளவில் கொள்ளையரிடம் அகப்பட்டு, அயர்லாந்தில் ஆறாண்டுகள் மந்தை மேய்த்தார். தப்பி வீடு சேர்ந்தவர், பின்னர்த் தாமே விரும்பி அந்நாட்டுக்கு மீண்டார். பாம்புகளை அவர் ஓட்டினார் என்பது பிற்காலத்தார் புனைந்த கதை. அவரே இலத்தீனில் எழுதிய இரு சிறு நூல்களில் அது காணப்படவில்லை. தம்மிடம் ஞானஸ்நானம் பெற்றோரை அடிமைகளாகக் கொண்டுபோன படைவீரரைக் கடிந்து எழுதினாரே, அந்தக் கடிதமே அவர் பெருமைக்குப் போதிய சான்று.

563 இல் அயர்லாந்திலிருந்து கடல் கடந்த கொலும்பா, அயோனா என்னும் சிறு தீவில் மடம் அமைத்தார். அங்கிருந்து வட இங்கிலாந்துக்கு முதலில் ஒரு துறவி சென்றார். கடுமையாகப் போதித்துப் பயன் காணாமல் திரும்பிய அவர், அம்மக்களையே குறை கூறினார். அவையிலிருந்த எய்டன், “குழந்தைக்கு முதலிற் பாலன்றோ ஊட்டவேண்டும்?” என்னும் கருத்துப்படப் பேசினாராம். ஆகவே 635 இல் எய்டனே அனுப்பப்பட்டார். லிண்டிஸ்பார்ன் தீவு அவருக்கு உறைவிடமாயிற்று. அவருக்கோ ஆங்கிலம் சரளமாக வராது. அயோனா நாட்டார் மொழி அறிந்த அரசர் ஆஸ்வால்டு, தாமே அருகில் நின்று மொழிபெயர்த்தார். அரசன் துபாஷியாக நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள்! எய்டன் ஊர் ஊராகக் கால்நடையாகவே சென்றார். அரசர் ஒருவர் அளித்த குதிரையையும் இரவலனுக்கு ஈந்துவிட்டார். ஆங்கிலச் சிறுவர் பன்னிருவரையும் பயிற்றினார். அவர்களுள் ஈயட்டா என்பவர் பிற்காலத்தில் அத்தீவின் பிஷப்பானார். இவற்றை எழுதிவைத்தவர் பீட் என்னும் துறவி. அவர் நூல் முற்றுப்பெற்றது 731 இல்.

நம்மவருள்ளும் இத்தகையவர் ஒருவர் இருந்தார். வேதப்பன் சாலமன் என்னும் தமிழர், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் உபதேசியாராக இருந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கார் நிக்கோபார் சென்று, மூஸ் என்னும் ஊரில் அரசாங்க முகவராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்தார். தீவினரின் வழக்கங்களை நாட்குறிப்பாக எழுதினார். அதன் பகுதிகள் அச்சேறின. எந்தத் திருச்சபையும் அவருக்குப் புனிதர் பட்டம் சூட்டவில்லை. தமிழ்நாட்டிலும் அவர் பெயர் அறிந்தோர் சிலரே.

அவரிடம் பயின்ற மூஸ் ஊர்ச் சிறுவன் பர்மாவுக்குச் சென்று கற்றுத் திரும்பினான். அவரே ஜான் ரிச்சர்ட்சன். 1950 இல் பிஷப்பாகவும், 1952 இல் இத்தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனவர். 1978 இல் மறைந்தார். புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியாகிய நிக்கோபாரியில் பெயர்த்துத் தந்தவரும் அவரே. கார் நிக்கோபாரில் மொழிபெயர்க்க அரசன் எவனும் நிற்கவேண்டியிருக்கவில்லை.