கொடும்பையில் பிரியும் மூன்று வழிகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உறையூருக்குத் தெற்கே ஓர் இளமரக்கா. மதுரைக்குப் போகும் மூவர் அங்கே இளைப்பாறுகின்றனர். பாண்டிநாட்டைக் கண்டு களித்து வடக்கு நோக்கி வரும் அந்தணன் ஒருவனும் அங்கு வந்து சேர்கிறான். அவன் குடமலை நாட்டு மாங்காட்டு ஊரினன். திருவரங்கத்தில் கிடந்த கோலத்தையும் வேங்கடத்தில் நின்ற கோலத்தையும் கண்ணாரக் காணவேண்டும் என்று புறப்பட்டவன். இன்றைய வழக்கில் சொன்னால் அவன் ஒரு சுற்றுலாப் பயணி. எதிரே இருப்பவனோ கைப்பொருள் இழந்து, மனைவியின் சிலம்பை முதலாகக் கொண்டு பிழைப்புத் தேடிப் போகிறவன். மதுரைக்கு வழி யாது என்று கோவலன் கேட்கிறான். சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையின் பெரும்பகுதி இக்கேள்விக்கு அந்தணன் சொல்லும் விடையே.

இவ்விடை புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு உரிமையுடையது. வழிகள் மூன்றும் பிரியுமிடமாக அந்தணன் காட்டுவது கொடும்பை நெடுங்குளக் கரை. கொடும்பை என்பது விராலிமலைக்குத் தெற்கே இருக்கும் கொடும்பாளூரே என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற முடிவு. பிற்காலத்தில் இருக்குவேளிர் தலைநகராக விளங்கிய ஊர் அது. பூதி விக்கிரமகேசரி அங்கு எடுப்பித்த மூவர்கோயிலில் இன்று நிற்பவை இரண்டு விமானங்களே. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. கோயிலைப் பார்க்க வருவோருள் பலர், சிலம்பின் பயணிகளுக்குத் திசை சொல்லப்பட்ட ஊரில் தாம் நிற்கிறோம் என்பதை அறியாமலே திரும்புகின்றனர். அதைச் சொல்லும் கடமை இம்மாவட்டத்துக் கவிஞர்களுக்கு உண்டு.

அந்தணன் வழி சொல்லும் முறையைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். அவன் எடுத்த எடுப்பிலே ஊர்ப்பெயர்களை அடுக்கவில்லை. காலத்தைச் சொல்கிறான். வேனிலின் கொடுமையில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகிவிட்ட பருவம் இது; மெல்லடிப் பெண்ணொருத்தியை உடன் அழைத்துக்கொண்டு இப்போதா வந்தீர் என்கிறான். பாலை என்பது தனி நிலமன்று, காய்ந்த காலத்தின் கோலம் என்ற இலக்கணம், வழிகேட்டவனுக்குச் சொல்லும் எச்சரிக்கையாகவே இங்கு வந்து விழுகிறது. அதன்பிறகே கொடும்பையை அடைந்தால் வழி, சிவபெருமான் கைச்சூலம்போல மூன்றாகக் கிளைக்கும் என்று தொடங்குகிறான்.

வலப்பக்க வழியில் முதலில் ஓமையும் மூங்கிலும் வறண்டு கிடக்கும் காடு. நீர்வேட்கையால் மான்கள் கதறும் சுரம். எயினர் வாழும் இடங்கள். அவற்றைக் கடந்தால் ஐவனநெல், கரும்பு, தினை, வரகு, மஞ்சள், வாழை, கமுகு, தெங்கு, மா, பலா எனச் செழித்துக் கிடக்கும் பாண்டியனின் சிறுமலை. அம்மலையை வலப்பக்கமாக விட்டுப் போனால் மதுரை. இக்குறிப்பின் நேர்த்தியை வழி கேட்டுப் பழகியவர்கள் உணர்வார்கள். மலையை நோக்கிப் போ என்பதும், மலை எந்தக் கைப்பக்கம் இருக்கவேண்டும் என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்பவன் அவ்வழியில் நடந்தவன். சிறுமலை இன்றும் திண்டுக்கல்லுக்கும் நத்தத்துக்கும் இடையே அதே பெயருடன் நிற்கிறது. அதன் கிழக்குப்புறமாக நத்தம் சாலையில் மதுரைக்குப் போகும் பேருந்தில் அமர்ந்திருப்பவர்க்கு மலை வலக்கைப் பக்கமே தெரியும்.

இடப்பக்க வழி வயல்களும் பொழில்களும் காடும் கடந்து திருமால்குன்றம் சேரும். அதுவே அழகர்மலை. இங்குதான் அந்தணனின் பேச்சு நீள்கிறது. அங்கே ஒரு பிலம் உண்டு. அதனுள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்று மூன்று பொய்கைகள். முதலாவதில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் கைவரும். இரண்டாவதில் மூழ்கினால் பழம்பிறப்புத் தெரியும். மூன்றாவதில் மூழ்கினால் எண்ணியது எய்தும். உள்ளே நுழைவதற்கு முன் என்ன செய்யவேண்டும், மலையை எத்தனை முறை வலம்வரவேண்டும், சிலம்பாற்றங்கரையில் தோன்றும் வரோத்தமை என்பாள் கேட்கும் கேள்விகள் எவை, எந்த மந்திரங்களை நினைக்கவேண்டும் என்பதெல்லாம் வரிசையாக வருகின்றன. கேட்டது என்னவோ மதுரைக்கு வழி.

நடுவழியைப் பற்றிச் சொல்லும்போது பேச்சு சுருங்கிவிடுகிறது. சோலையும் ஊரும் காடும் விரவிய வழி அது; இடையில் கானுறை தெய்வம் ஒன்று மயக்கும் உருவில் வந்து நின்று தடுக்கும்; வேறு துன்பம் செய்யாது; அதைத் தப்பினால் மதுரைப் பெருவழி வந்துவிடும் என்று முடித்துக்கொள்கிறான்.

மூன்று வழிகளுக்கும் செலவான அடிகளை எண்ணிப் பார்த்தால் ஒரு மனித இயல்பு புலப்படும். கேட்டவனின் தேவை எதுவோ அந்த அளவுக்கு விடை நீளவில்லை; சொல்பவனின் விருப்பம் எதுவோ அந்த அளவுக்கு நீண்டது. அழகர்மலையில் மனம் தோய்ந்தவன் எந்த வழியைக் கேட்டாலும் அழகர்மலையைத்தான் சொல்வான். சென்னைக்குப் புறப்படுகிறவர் தங்குமிடம் பற்றிக் கேட்டால் பழைய புத்தகக் கடைகள் இருக்கும் தெருவைப் பற்றி அரைமணி நேரம் பேசும் கவிஞர்களை இலக்கிய வட்டத்தார் அறிவர். குற்றம் சொல்வதற்கில்லை. இளங்கோவடிகள் அந்த இயல்பை அறிந்தே அந்தணனைப் பேசவிட்டிருக்கிறார் என்று கொள்வதே பொருந்தும். ஏனெனில் கவுந்தியடிகளை அங்கே உடன் வைத்திருக்கிறார்.

கோவலன் விடை கூறுமுன் கவுந்தி பேசுகிறார். ஐந்திரத்துக்காகப் பிலம்புக வேண்டுவதில்லை, அது எங்கள் அருகன் நூலிலே உண்டு. முற்பிறப்பை இப்பிறப்பின் நிகழ்ச்சிகளிலேயே காணலாம். வாய்மை தவறாது உயிர்களை ஓம்புவோர்க்கு எய்தாத பொருள் இல்லை. நீ விரும்பும் தெய்வத்தை நீ போய்க் காண், எம்வழியில் யாம் போகின்றோம் என்பது அவர் மறுமொழியின் சாரம். பகையில்லை, ஏளனமுமில்லை. காணவேண்டிய இடங்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு, மரியாதையுடன் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் பழந்தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ள சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் ஏறி நின்று இப்பகுதியைப் படித்தால் கவுந்தியின் குரல் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

மூவரும் சென்றது நடுவழி. கோவலன் நீர்தேடி ஒரு பொய்கைக்கரைக்குப் போனபோது, கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவில் வந்து காலில் விழுந்து அழுகிறது. மயக்கும் தெய்வம் உண்டென்று அந்தணன் சொன்னது அவனுக்கு அப்போது நினைவுக்கு வருகிறது. பாய்கலைப் பாவையின் மந்திரத்தைச் சொல்கிறான். தெய்வம் உண்மையுரைத்து நீங்குகிறது. பொய்கை மூன்றைப் பற்றிய நீண்ட உரையில் கோவலனுக்குப் பயன்பட்டது ஒன்றுமில்லை. ஓரிரு வரியில் போகிறபோக்கில் சொன்ன எச்சரிக்கை அவனைக் காத்தது.

இங்கு நின்றுவிட்டால் வழிசொல்லுதலின் பெருமையோடு பேச்சு முடிந்துவிடும். கதை அப்படி முடியவில்லை. மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியைக் கவுந்தியிடம் விட்டு, வணிகர்களிடம் தன் நிலையை உணர்த்தி வருவதாகச் சொல்லிக் கோவலன் நகருக்குள் போகிறான். ஊர்காண் காதை முழுவதும் அவன் காணும் காட்சிகளே. மணிக்கடை, பொற்கடை, துணிக்கடை, கூலக்கடை எல்லாம் காண்கிறான். நகரைக் கண்டு மகிழ்ந்து திரும்புகிறான். வணிகர் எவரிடமும் அவன் பேசியதாக அக்காதையில் குறிப்பே இல்லை. காட்டுவழியைத் துருவித் துருவிக் கேட்டவன், சிலம்பை எவரிடம் விற்பது, எவரை நம்பலாம் என்று நகரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. மறுநாள் தெருவில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம் தானாகவே போய்க் கேட்கிறான். ஊழ்வினை என்று காப்பியம் சொல்லும்; அதை மறுக்கவேண்டுவதில்லை. ஆயினும் ஊழ் நுழைந்த வாயில் எது என்று தேடினால், அந்தக் கேட்கப்படாத கேள்வி கண்ணில் படுகிறது.

கேட்டவர்க்குச் சொல்வது ஒரு நெறி. கேளாமலே வழிமறித்துச் சொல்வது ஆற்றுப்படை. கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியும் தாம் பெற்ற வளத்தை, எதிர்ப்பட்ட வறியவர்க்கு எடுத்துச் சொல்லி வழிகாட்டுதல் என்று தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு இலக்கணம் வகுத்தது. ஆற்றுப்படையைப் பரிசிலுக்காகப் பாடிய முகமன் என்று தள்ளுவோர் உண்டு. வள்ளலின் புகழ் அதில் உள்ளது மெய்யே. ஆனால் பரிசில் பெற்றவன் வழியைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை என்பதும் மெய். வள்ளலின் செல்வம் பகிரப் பகிரக் குறையக் கூடியது. போட்டிக்கு ஆள் சேர்க்கிறோம் என்ற எண்ணமே இன்றி, இந்த ஊரில் இன்ன சோறு கிடைக்கும் என்று இன்னொரு பாணனுக்குச் சொல்லி அனுப்புகிறான். எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளியிட்ட சோறு, ஆமூரில் வெண்சோற்றுடன் நண்டு என்று சிறுபாணாற்றுப்படை நிலந்தோறும் உணவைச் சொல்வது பசித்தவனுக்குப் பசித்தவன் சொல்லும் செய்தி. விருதுக்கு விண்ணப்பிக்கும் இறுதிநாளைக்கூட நண்பனிடம் சொல்லத் தயங்கும் காலத்தில் இதை நினைத்துப் பார்ப்பது நன்று.

ஆற்றுப்படைகளுக்குள்ளும் தரவேறுபாடு உண்டு. பெரும்பாணாற்றுப்படை காஞ்சிக்கு வழிகாட்டும்போது, தொண்டைமானின் காவலில் வழிப்பறி இல்லை, இடி தாக்காது, பாம்பு கொல்லாது, காட்டு விலங்கும் துன்பம் செய்யாது என்கிறது. அரசனுக்கு இனிமையான சொல். வழிப்போக்கன் அதை நம்பிச் செருப்பைக் கழற்றிவிடக் கூடாது. சுங்கச் சாவடியுள்ள பெருவழியில் மிளகுப்பொதி சுமந்து கழுதைச் சாத்துப் போகும் என்று அதே பாட்டு சொல்லும் இடமே நம்பத்தக்க குறிப்பு.

மலைபடுகடாம் வேறு வகை. செங்கத்து நன்னனிடம் கூத்தரைச் செலுத்தும் 583 அடிப் பாட்டு. புகழைப் போலவே ஆபத்தையும் அஞ்சாமல் அடுக்குகிறது. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், விடிந்தபின் புறப்படுங்கள். தினைக்காவலர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னே ஒதுங்கி நில்லுங்கள். பாம்பு ஒடுங்கும் குழிகளை அறிந்து விலகிப் போங்கள். வழுக்கும் இடங்களில் மூங்கிற்கோலையும் கோரைத்தண்டையும் பற்றிக்கொள்ளுங்கள் என்று போகிறது. அவற்றிடையே ஓர் அறிவுரை. வழி கவர்த்துப் பிரியும் இடத்தில் நிலத்தைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறார் பெருங்கௌசிகனார். பின்னால் வரும் புதியவர்களுக்கு நல்ல வழி தெரியவேண்டும் என்பதற்காக. வழி கேட்டவனே அடுத்தவனுக்கு வழி சொல்பவனாகும் இடம் அது. பத்துப்பாட்டு முழுவதிலும் இதைப் போன்ற எளிய, பெரிய சொல் அரிது.

புல்முடிச்சு காய்ந்துபோகும் என்பதையும் மறக்கலாகாது. வழிக்குறிப்புக்கு ஆயுள் குறைவு. சென்னைக்குப் போகிறவர்க்குக் கோயம்பேட்டில் இறங்கு என்பது பல்லாண்டு காலம் சரியான சொல்லாக இருந்தது. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தென்மாவட்டங்களிலிருந்து போகிறவர்க்கு அச்சொல் பொருந்தாது. இரவு முழுதும் பயணம் செய்து விடியலில் கிளாம்பாக்கத்தில் இறங்கும் முதியவர், பழைய குறிப்பை நம்பி வந்திருந்தால், நகரத்துக்குள் செல்ல இன்னொரு வண்டி பிடிக்கவேண்டும் என்பதை அங்கேதான் அறிவார். அண்மையில் போய்வந்தவரைக் கேட்பது என்ற மரபு அதனாலேயே நிலைக்கிறது. அரங்கத்துக்குப் போகும் அந்தணனும் மதுரைக்குப் போகும் கோவலனும் எதிரெதிரே சந்தித்ததன் பயனும் அதுவே. ஒவ்வொருவனும் மற்றவன் போகும் திசையிலிருந்து வந்தவன்.

மதுரைக்கும் காஞ்சிக்கும் செங்கத்துக்கும் வழி பாடப்பட்டிருக்கிறது. கொடும்பை வழி பிரியும் இடமாகவே பாடப்பட்டது. போய்ச்சேரும் இடமாக அன்று. திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் விரையும் வண்டிகளுக்கும் அது அப்படியே. இந்த வட்டத்துக் கவிஞர்களுள் ஒருவரேனும் புதுக்கோட்டைக்கு ஓர் ஆற்றுப்படை பாட முன்வரலாம். பாடுகிறவர் பெரும்பாணின் வழியை விட்டு மலைபடுகடாத்தின் வழியைக் கொள்ளட்டும். சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர். தாமரைக்குள ஓவியம் அறிவர்கோயிலில், கற்படுக்கைகள் குன்றின் மேற்புறம் ஏறி இறங்கும் ஏழடிப்பட்டத்தில். இரண்டையும் ஒன்றென எண்ணி ஒன்றை மட்டும் பார்த்துத் திரும்புவோர் பலர் என்று சொல்லட்டும். நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சரத்துக்குப் பாறைமீது நடக்கவேண்டும், சித்திரை வைகாசியில் நண்பகலில் கல் காலைச் சுடும், தண்ணீர் கையில் வேண்டும் என்று சொல்லட்டும். குடுமியான்மலையில் கோயிலை வணங்கிவிட்டுக் கிளம்பிவிடாமல், குன்றின் சரிவில் வெட்டிய இசைக் கல்வெட்டைக் கேட்டுப் பார்க்கச் சொல்லட்டும். கொடும்பாளூருக்கு எந்த வண்டி நிற்கும், எது விராலிமலையோடு சரி என்பதை ஏறுமுன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லட்டும். மூவர்கோயிலின் மூன்றாவது அடித்தளத்தருகே சற்று நேரம் நிற்கச் சொல்லட்டும். அங்கிருந்து தெற்கே பார்த்தால் மதுரைச் சாலை தொலைவில்லை.