நர்சுகளின் சோர்வும் நோயாளியின் நலமும் – ஒரு பொறியாளன் பார்வையில்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எலெக்ட்ரிக்கல் படித்தவன் மேடை ஏறினால் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். சங்கச் செயலாளரும் அப்படித்தான் நினைத்தார். நான் பேசப்போவது ஆஸ்பத்திரி நர்சுகளைப் பற்றி. உனக்கும் அதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டு என் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரவில் துணைக்கு நான். நான்காம் நாள் காலை ஆறரை மணி இருக்கும். ஒரு நர்ஸ் சிரிஞ்சோடு வந்து அப்பாவின் சட்டையை விலக்கினார். அப்பா தூக்கக் கலக்கத்தில், "என்ன ஊசிம்மா இது?" என்றார்.

"சுகர் ஊசி, ஐயா."

"எனக்குச் சுகரே கிடையாதேம்மா!"

அந்தப் பெண் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். கட்டில் நம்பரைப் பார்த்தார். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரருக்குப் போட வேண்டிய இன்சுலின் அது.

நான் கத்திய கத்தலில் வார்டே எழுந்துவிட்டது. அலுவலகம் திறந்ததும் ஒரு முழுப் பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன், நல்ல இங்கிலீஷில். சாயங்காலம் அந்தப் பெண்ணைக் காணோம். "நிறுத்திட்டாங்க சார்" என்றார் ஆயாம்மா. எனக்கு அப்போது திருப்தியாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மீதியையும் அந்த ஆயாம்மாதான் சொன்னார். அந்தப் பெண் முந்தின நாள் காலை டூட்டிக்கு வந்தவர். இரவு வர வேண்டியவர் வரவில்லை என்று இவரையே நிறுத்திக்கொண்டார்கள். 22 நோயாளிகளுக்கு இவர் ஒருவர். அப்பாவிடம் ஊசியோடு வந்தபோது வேலைக்கு வந்து ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருந்தது.

நம் பக்கம் செங்கம், போளூர், கலசப்பாக்கம் என்று விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். உங்களுக்குத் தெரியும். மூணு பேஸ் மோட்டாரில் ஒரு பேஸ் போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் உடனே நிற்காது. மிச்சமிருக்கும் இரண்டு பேஸ் கூடுதல் கரண்ட் இழுக்கும். மோட்டார் முனகும், சூடாகும், கடைசியில் காயில் எரிந்துபோகும். புதுக் காயில் கட்டிவந்து, மூணு பேஸும் வருகிறதா என்று பார்க்காமல் ஓட்டினால் அதுவும் எரியும். இந்தக் கல்லூரியில் வைவாவில் என்னைக் கேட்ட கேள்வி இது. சரியாகப் பதில் சொன்னவன்தான் நான். ஆனால் அந்த வார்டில் பேஸ் போனதைப் பார்க்காமல் காயிலைக் கழற்றி எறியச் சொல்லிப் புகார் எழுதினேன்.

இங்கிலீஷில் இந்தச் சோர்வுக்குப் பெயரே 'பர்ன் அவுட்', எரிந்துபோவதுதான். 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதற்கு விளக்கம் தந்தபோது, இது நோய் அல்ல, வேலையிடத்தில் சரிசெய்யப்படாத நெருக்கடியால் வருவது என்றுதான் சொன்னது. அதற்கு மூன்று அடையாளம். சக்தி தீர்ந்துபோவது ஒன்று. வேலையிலிருந்து மனசு விலகிப்போவது இன்னொன்று. நாம் செய்வதில் பயனில்லை என்ற நினைப்பு மூன்றாவது. நோயாளிக்கு ஆபத்து அந்த நடுவில் உள்ளது. அப்போது கட்டிலில் கிடப்பவர் மனுஷராகத் தெரியமாட்டார், பெட் நம்பராகத் தெரிவார்.

இது வெறும் இரக்கப் பேச்சு இல்லை, கணக்கு இருக்கிறது. லிண்டா ஐக்கன் என்ற நர்சிங் பேராசிரியர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார். ஆபரேஷன் ஆன நோயாளிகள் 2,30,000க்கும் மேல், நர்சுகள் 10,000க்கும் மேல். ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அந்த நர்ஸ் எரிந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அதே மாநிலத்தைப் பற்றி 2012இல் வந்த இன்னொரு ஆய்வு, நர்சுகளின் சோர்வு கூடிய ஆஸ்பத்திரிகளில் சிறுநீர்க் குழாய் வழி வரும் தொற்றும், ஆபரேஷன் புண்ணில் வரும் தொற்றும் கூடியதைக் காட்டியது.

ஏன் அப்படி? மாத்திரை கொடுத்தால் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் அது எப்படியாவது நடந்துவிடும். படுத்த படுக்கையானவரைத் திருப்பிப் போடுவது, வாய் துடைத்துவிடுவது, நின்று முகத்தைப் பார்த்து "மூச்சு வாங்குதா?" என்று கேட்பது, இதற்கெல்லாம் எந்தக் கட்டமும் இல்லை. ஆள் பற்றாவிட்டால் முதலில் விழுவது இவைதான். நோய் முற்றுவதை முதலில் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் இவைதான்.

கலிஃபோர்னியாவில் 1999இல் சட்டமே போட்டு, ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்பதை 2004 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் இந்திய நர்சிங் கவுன்சிலும் அளவு சொல்லியிருக்கிறது; விடுப்புக்காகவே 30 சதவீதம் கூடுதல் ஆள் வேண்டும் என்கிறது. அந்த 30 சதவீதம் இருந்திருந்தால் என் அப்பாவிடம் வந்தது தூங்கி எழுந்த ஒரு நர்சாக இருந்திருப்பார்.

பஸ் டிரைவர் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் ஓட்டலாம் என்று 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ரயில் இன்ஜினில் டிரைவர் கொஞ்ச நேரம் எதையும் தொடாவிட்டால் மணி அடித்து, பிரேக்கே போட்டுவிடும் கருவி உண்டு. வார்டில் அப்படி என்ன இருக்கிறது? என் அப்பாவுக்கு அவர் வாய்தான் இருந்தது. மயக்கத்தில் இருந்திருந்தால்?

"முடியாது, வீட்டுக்குப் போறேன்" என்று அந்தப் பெண் சொல்லியிருக்கலாமே என்பார்கள். எதை நம்பிச் சொல்வது? அரசு வேலையின் கதையையே பாருங்கள். 2015இல் தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளுக்கு வந்த நர்சுகளுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனாவில் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது. அவர்களுக்குத்தான் நாமெல்லாம் கை தட்டினோம். தனியாரில், 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016இல் பரிந்துரைத்தது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நர்ஸ் இருந்தால் கையில் எவ்வளவு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

நம் ஊரிலேயே கார்த்திகை தீபத்துக்கு எத்தனை மருத்துவ முகாம்! அங்கே ராத்திரி முழுக்க நின்ற சிஸ்டர் மறுநாள் எந்த வார்டில் நிற்கிறார் என்று கிரிவலம் முடித்த நாம் ஒரு தடவையாவது யோசித்ததுண்டா? நானும் யோசித்ததில்லை.

இப்போது வீட்டில் யாரையாவது சேர்க்கும்போது, ஏ.சி. ரூம் உண்டா என்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கிறேன். ராத்திரியில் இந்த வார்டுக்கு எத்தனை நர்ஸ்? அவர் வராவிட்டால் மாற்று யார்? ஓர் இடத்தில் டூட்டி சார்ட்டையே எடுத்துக் காட்டினார்கள். இரண்டு இடங்களில் என்னை ஏதோ இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவன்போல் பார்த்தார்கள். பார்க்கட்டும். நம் சங்கத்தில் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களும், ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள். தொடர்ந்து இரண்டு டூட்டி போட்டால் ஏற்க மறுக்கிற ஒரு சார்ட்டை எழுத உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்?

ஒரு மாதம் கழித்து அந்த மருத்துவமனைக்குப் போனேன். புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் எங்கே போனார் என்று தெரியாது என்றார்கள். வார்டு மேஜையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார், இருபத்திரண்டு வயது இருக்கும். பின்னால் சுவரில் அந்த வாரத்து டூட்டி சார்ட். 'நைட்' கட்டத்துக்கு நேரே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.